வைட்டமின் டி சொட்டு மருந்து: ஒரு மி.லி.யா, அரை மி.லி.யா?

கேள்வி: என் குழந்தைக்கு 2 மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள். வைட்டமின் டி3 சொட்டு மருந்தை தினமும் 1 மி.லி. கொடுக்கச் சொன்னார் டாக்டர். முதல் பாட்டில் தீர்ந்ததும் கடையில் வேறு கம்பெனி மருந்து தந்தார்கள். அதில் "1 மி.லி.யில் 800 ஐ.யு." என்று இருக்கிறது. கவனிக்காமல் மூன்று நாளாக 1 மி.லி. கொடுத்துவிட்டேன். காலை வெயில் காட்டினாலே போதும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: பயப்பட வேண்டாம். ஒரு வயது வரை குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 ஐ.யு. (வைட்டமின் அளவைச் சொல்லும் சர்வதேச அலகு). ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உச்ச வரம்பு 1,000. நீங்கள் கொடுத்த 800 அதற்குள்தான் இருக்கிறது. இந்தப் பாட்டிலில் அரை மி.லி. போதும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சீட்டில் இருந்தது மி.லி. கணக்கு, குழந்தைக்கு வேண்டியது ஐ.யு. கணக்கு. நம் கடைகளில் 400, 800 இரண்டுமே கிடைக்கின்றன. பட்டம் வாங்கிய பெற்றோருக்கும் இது தவறும். சீட்டையும் லேபிளையும் டிராப்பரில் உள்ள கோட்டையும் சேர்த்துப் பார்ப்பது தனியாகக் கற்க வேண்டிய விஷயம். அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள். அமெரிக்காவில்கூட 2010-இல், சில டிராப்பர்கள் 400 ஐ.யு.வுக்கு மேல் பிடிப்பதால் அளவு கூடிவிடலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெற்றோரை எச்சரித்தது.

ஆகவே டாக்டரிடம் "எத்தனை ஐ.யு.?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு புரிந்ததை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: "இந்தப் பாட்டிலில், இந்தக் கோடு வரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை, சரிதானே?" இதில் கூச்சமே வேண்டாம். பாட்டில் மாறினால் பழைய டிராப்பரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதன் கோடுகள் புது மருந்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு நாள் மறந்துபோனால், மறுநாள் இரண்டு மடங்காகக் கொடுக்காதீர்கள்.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் இளங்காலை வெயிலில் மிகக் குறைவு. அது அதிகமாக வரும் நடுப்பகல் வெயில் பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. தாய்ப்பாலுக்கு ஈடில்லை என்றாலும் அதில் இந்த ஒரு சத்து போதாது. எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வராமல் இருக்கத்தான் இந்தச் சொட்டு. அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிராப்பரில் அளந்து காட்டுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவரும்தானே கொடுக்க வேண்டியிருக்கும்?

ஒன்றை மட்டும் தனியாகப் பூட்டி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 ஐ.யு. சாஷே, குழந்தைக்கு 150 நாள் அளவு. சின்ன பாட்டிலில் திரவமாகவும் அது வருகிறது. அது தவறுதலாகக் குழந்தையின் வாய்க்குப் போயிருந்தால், அல்லது சொட்டு மருந்தே பல நாள் அளவு மீறிப்போய் வாந்தி, மலச்சிக்கல், பால் குடிக்க மறுப்பது, அதிகமாகச் சிறுநீர் போவது என்று ஏதாவது தெரிந்தால், மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.