கத்தி பட்டால் பரவுமா? குதிகால் மெலனோமாவும் ‘குறைந்தது’ என்ற சொல்லும்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இடது குதிகாலில் இரண்டு ஆண்டுகளாக ஒரு கரும்படை இருக்கிறது. முள் குத்திய தடம் என்று விட்டுவிட்டோம். பிறகு கால் ஆணி என்று நினைத்து, மருந்துக்கடையில் வாங்கிய பிளாஸ்திரியைச் சில மாதங்கள் ஒட்டி வந்தார். இப்போது அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. தோல் மருத்துவர் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ‘அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, பிரெஸ்லோ தடிமன் குறைந்தது 1.4 மி.மீ.; கிளார்க் நிலை 4; புண்ணாதல் இல்லை; அடி விளிம்பில் கட்டி உள்ளது’ என்று முடிவு வந்திருக்கிறது. நான்காம் நிலை என்றதும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. கத்தி பட்டுவிட்டது, இனிப் பரவிவிடும், ஆபரேஷனே வேண்டாம் என்கிறார் மாமா. வேறு மருத்துவமனையில் காட்டலாம் என்று நினைக்கிறோம். அங்கேயும் மறுபடி சதை எடுப்பார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மெலனோமா என்பது தோலின் நிறமி அணுக்களில் தொடங்கும் புற்றுநோய்; ‘அக்ரல் லென்டிஜினஸ்’ என்பது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் அதன் வகை. முதலில் அந்த ‘4’ பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளார்க் நிலை 4 வேறு, நான்காம் கட்டப் புற்றுநோய் வேறு. நான்காம் கட்டம் என்றால் நுரையீரல், கல்லீரல், மூளை என்று தொலைவில் உள்ள உறுப்புகளுக்கோ, தொலைவிலுள்ள தோலுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ நோய் போய்விட்டது என்று பொருள். குதிகாலில் எடுத்த ஒரு துண்டுச் சதையை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. கிளார்க் நிலை என்பது தோலுக்குள் கட்டி எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதற்கான எண். வாலஸ் கிளார்க் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1969-ல் வகுத்தது. மேல்தோலுக்குள்ளேயே நின்றால் 1, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைத் தொட்டால் 5. உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் 4, உட்தோலின் தடித்த நார்ப்பகுதியைக் குறிக்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் நோய்க்கட்ட வகைப்பாட்டில் இந்த எண்ணுக்கு இடமே இல்லை. ஆனாலும் பழக்கத்தால் பல ஆய்வகங்கள் இன்னும் அச்சிடுகின்றன. என்னைக் கேட்டால் நிறுத்திவிடலாம். அதனால் விளையும் பயன் குறைவு, வீட்டில் கிளம்பும் அழுகை அதிகம்.

அந்தக் காகிதத்தில் எடை உள்ள எண் பிரெஸ்லோ தடிமன்தான். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் 98 நோயாளிகளின் கட்டிகளை நுண்ணோக்கியின் கண்ணாடியில் பொருத்திய அளவுகோலால் அளந்து பார்த்தார். 0.76 மி.மீ.க்குக் குறைந்த தடிமன் உள்ளவர்களுக்கு நோய் திரும்பவும் இல்லை, பரவவும் இல்லை என்று கண்டார். மேல்தோலில் சிறுமணிகள் நிறைந்த அடுக்கு ஒன்று உண்டு. அதன் மேல் விளிம்பில் தொடங்கி, மிக ஆழத்தில் இருக்கும் புற்றணு வரை செங்குத்தாக அளப்பதுதான் முறை. குதிகாலில் அந்த அடுக்குக்கு மேலே காய்ப்புத்தோல் தடிமனாகப் படிந்திருக்கும். அது கணக்கில் சேராது. ஆகவே 1.4 மி.மீ. என்பது காய்ப்பை நீக்கிய கணக்கு. 1 மி.மீ.க்கு மேல் 2 மி.மீ. வரை உள்ள கட்டி இரண்டாம் தடிமன் வகுப்பில் வரும். அது 4 மி.மீ.யைத் தாண்டினால் கவலை வேறு தரத்தில் இருக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த எண் அல்ல. அதற்கு முன்னால் உள்ள ‘குறைந்தது’. அதையும் ‘அடி விளிம்பில் கட்டி உள்ளது’ என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெட்டிய துண்டின் அடிப்பக்கம் வரை கட்டி இருக்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்பது அந்தத் துண்டுக்குத் தெரியாது. கிணற்றில் விட்ட கயிறு தரையைத் தொடுவதற்குள் தீர்ந்துபோனால், கயிற்றின் நீளத்தைக் கிணற்றின் ஆழம் என்று சொல்வோமா? ஆகவே 1.4 இறுதி எண் அல்ல. கட்டியை முழுவதுமாக எடுத்த பிறகு வரும் இரண்டாவது அறிக்கைதான் உண்மையான தடிமனைச் சொல்லும். அது 1.4 ஆகவே இருக்கலாம், கூடவும் செய்யலாம். கூடினால் அறுவையால் வளர்ந்துவிட்டது என்று மாமா சொல்லக்கூடும்; இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

தோல் மருத்துவரைக் குறை சொல்லவும் இதில் ஒன்றும் இல்லை. சந்தேகத்துக்குரிய சிறு மச்சத்தைச் சுற்றிலும் 1 முதல் 3 மி.மீ. விட்டு முழுசாக எடுப்பது நல்லது. நாணயத்தைவிடப் பெரிய குதிகால் படையை நோய் இன்னதென்று தெரியாமல் முழுக்க அறுத்துவிட முடியாது. அதில் மிகக் கறுத்த, தடித்த இடத்திலிருந்து துண்டு எடுப்பது ஏற்கப்பட்ட முறைதான்.

மாமாவின் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. பயாப்ஸி எடுத்த சில மாதங்களில் அவர்கள் இறந்துவிட்டால், பார்த்தவர்கள் மனத்தில் கத்திதான் நிற்கும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நிற்காது. விதைப்பைக் கட்டி போன்ற சிலவற்றில் தோல் வழியாகக் குத்தித் துண்டு எடுப்பதை மருத்துவர்களே தவிர்ப்பார்கள் என்பதும் உண்மை. மெலனோமா அந்த வகை அல்ல. ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களையும் முழுதாக எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், சோதனைக்காகத் துண்டு எடுத்ததால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. கெடுதல் செய்பவை வேறு: கரும்புள்ளியைச் சோதிக்காமலே லேசரால் பொசுக்குவது, அமிலம் வைப்பது, மேலாகச் சீவி எறிந்துவிடுவது. அப்படிச் செய்தால் அளப்பதற்கு ஆழமே மிஞ்சாது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவதை என்னால் மன்னிக்கவே முடியாது.

அமிலம் என்றதும் ஒன்று. கால் ஆணி பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். தோலை உரிப்பதுதான் அதன் வேலை. அம்மா அதை ஒட்டியிருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா? ‘புண்ணாதல்’ என்று அறிக்கையில் வருவது, கட்டியே மேல்தோலை அரித்துவிட்ட நிலை. அது இருந்தால் நோயின் வகுப்பு ஒரு படி கூடும். அமிலமோ நகமோ பட்டு உரிந்த இடத்தையும் அதையும் பிரித்தறிய, ஆய்வகத்தில் சதையைச் சோதிக்கும் எங்களுக்கு இந்தத் தகவல் வேண்டும். பரிசோதனைச் சீட்டில் ‘கரும்படை, குதிகால்’ என்ற இரண்டே சொற்களோடு சதை வந்து சேர்வது அன்றாடம் நடக்கிறது.

மறுபடி சதை எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் கருத்துக்காக மட்டும் என்றால், பெரும்பாலும் தேவைப்படாது. எடுத்த துண்டு முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. ஃபார்மலினில் பதப்படுத்திய சதையைப் பாரஃபின் மெழுகில் புதைத்து ஒரு கட்டியாக வைத்திருப்பார்கள், ‘பிளாக்’ என்பார்கள். அதிலிருந்து 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றிய கண்ணாடிதான் ‘ஸ்லைடு’. முதல் ஆய்வகத்தில் கடிதம் கொடுத்து இரண்டையும் கேளுங்கள். ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது. கூடுதல் சோதனை வேண்டுமானால் பிளாக்கிலிருந்துதான் புதிய சீவல் எடுக்க முடியும்.

அந்தக் கூடுதல் சோதனைதான் எதிர்ப்பொருள் சாயம். எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 என்று அறிக்கையில் பெயர்கள் வரலாம். எல்லாம் நிறமி அணுக்களை அடையாளம் காட்டுபவை. (எஸ்-100 என்ற பெயர், அம்மோனியம் சல்ஃபேட்டின் 100 விழுக்காடு செறிந்த கரைசலிலும் அந்தப் புரதம் கரைந்து நின்றதால் வந்தது. இவ்வளவு உலர்ந்த பெயர்க்காரணம் மருத்துவத்திலும் அபூர்வம்.) நம் தோலில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான சாயம் பழுப்பு, மெலனின் நிறமியும் பழுப்பு. எது சாயம், எது நிறமி என்று கண் தடுமாறும். அதனால் கறுத்த கட்டிகளுக்குச் சிவப்புச் சாயம் கேட்பது நல்லது. இரண்டாம் கருத்தைத் தோல் திசுக்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். நிறமி மிகுந்த அடித்தள அணுப் புற்று மெலனோமாவைப் போலவே கறுத்திருக்கும்; ஆனால் அது மிக அரிதாகவே பரவும்.

கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நமக்கு அது அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. உள்ளங்காலிலும் கைரேகை போன்ற வரிகள் உண்டு. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வரிகளின் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவின் நிறம் மேட்டில் ஏறும். ஜப்பானிய மருத்துவர்கள் தோல்நோக்கியில் கண்டுபிடித்துச் சொன்ன அடையாளம் இது. இரத்தம் கட்டினாலும் சில சமயம் இப்படித் தெரியும் என்பதால், இதை வைத்து வீட்டில் முடிவு கட்டிவிடக் கூடாது. அம்மாவின் மற்றக் காலையும், நகங்களையும், விரல் இடுக்குகளையும் ஒருமுறை மருத்துவர் பார்க்கட்டும்.

இனி அறுவை. 1 முதல் 2 மி.மீ. தடிமன் உள்ள மெலனோமாவுக்குச் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள், 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. குதிகாலில் அவ்வளவு இடம் போனால் இரு விளிம்புகளையும் இழுத்துத் தைக்க முடியாது. ஒட்டுத்தோல் வைக்கவோ, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடவோ நேரும். ஆகவே பிளாஸ்டிக் சர்ஜன் உள்ள இடமாகப் பாருங்கள்.

அதற்கு முன்னால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “முதல் நிணநீர்க் கணுவையும் இதே அறுவையில் சோதிப்பீர்களா?” குதிகாலில் இருந்து கசியும் அணு பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் முதலில் தங்கும், காலில் புண் வந்தால் நெறி கட்டுகிறதே, அதே இடம். சாயமோ கதிரியக்கத் துகளோ செலுத்தி, முதலில் நிறமேறும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையை டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992-ல் வெளியிட்டார்கள். 1 மி.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். குதிகாலை அகலமாக அறுத்த பிறகு செய்தால், நிணநீர் ஓடும் வழி மாறியிருக்கும். அதனால்தான் ஒரே நேரத்தில் என்கிறேன். அந்தக் கணுவில் சிறிதளவு நோய் இருந்தாலும், மற்ற எல்லாக் கணுக்களையும் உடனே சுரண்டி எடுப்பது ஆயுளைக் கூட்டவில்லை என்று 2017-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கால் வீங்கிப்போகும் அந்தப் பெரிய அறுவைக்கு யாராவது அவசரப்படுத்தினால் காரணம் கேளுங்கள். கணுவில் நோய் இருந்தால் அப்போது, எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்க பிராஃப், கிட் மரபணுச் சோதனைகள் வரும். அதுவும் அதே பிளாக்கிலிருந்துதான்.

ஆய்வகத்தில் பிளாக்கை வாங்கும்போது அதன் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்லைடுகளை அட்டைப் பெட்டியில் தனியே வையுங்கள். மெழுகு 60 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். தஞ்சாவூரிலிருந்து காரில் போகிறீர்கள் என்றால், பிளாக்கை முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள். கைப்பையிலேயே இருக்கட்டும்.