வாழைக் கறையும் தக்காளிச் சாறும்: வாடல் நோய் கேள்வி-பதில்

களக்காடு வாசகர்: ரசகதலி வாழையில் அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தொங்குகின்றன. தண்டைக் கீறி, வடிந்ததைப் பாட்டிலில் பிடித்திருக்கிறேன். பரிசோதனைக்கு அனுப்பலாமா?

வேண்டாம். நீங்கள் பிடித்தது வாழைக் கறை. வேட்டியில் பட்டால் போகாதே, அதுதான். வாடல் நோய்ப் பூஞ்சை குடியிருப்பது வேர் உறிஞ்சிய நீரை மேலேற்றும் குழாய்களில். தண்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெள்ளை மட்டைக்குள் செம்பழுப்பு இழைகள் ஓடினால் பனாமா வாடல் என்று சந்தேகிக்கலாம். அந்த இழைகளை உரித்து, உறிஞ்சுதாளில் நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் ஆய்வகத்துக்கு வந்து சேர்வது வெறும் அழுகல்தான். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த வாழையில் வைக்காதீர்கள்.

பாவூர்சத்திரம், வேளாண் மாணவி: தக்காளி வாடல் நோய் ஆய்வுக்காகத் தண்டுச் சாறு சேகரிக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை, ஐயா.

நண்பகலில் வெட்டியிருப்பீர்கள்! வெயிலில் இலைகள் நீரை இழுத்துக்கொண்டிருக்கும்போது வெட்டுவாயில் எதுவும் வராது. முந்தின மாலை தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, காலையில் கூரான பிளேடால் தண்டை அறுத்து, தொட்டியைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வேரின் அழுத்தமே சாற்றை வெளியே தள்ளும். முதலில் வரும் சொட்டுகளில் அறுபட்ட செல்களின் சாறு கலந்திருக்கும், துடைத்து எறிந்துவிடுங்கள். பிறகு வருவதைப் பனிக்கட்டியில் வைத்த குழாயில் சில மணி நேரம் பிடியுங்கள். பனிக்கட்டி இல்லையென்றால் புரதங்கள் சிதைந்துவிடும்.

முழுக்க வாடிய செடியை நம்பாதீர்கள். குழாய்கள் அடைபட்ட பிறகு சாறு குறைந்துவிடும். நோய் தொடங்கிய செடியையும், அதே வயதுள்ள நல்ல செடியையும் சேர்த்து எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத சாறு எதையும் சொல்லாது. இப்படிப் பிடித்த தக்காளிச் சாற்றில்தான் வாடல் நோய் தரும் ஃபுசேரியம் பூஞ்சை சுரக்கும் சிறு புரதம் ஒன்றை ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வு, சில தக்காளி ரகங்கள் பூஞ்சையை அடையாளம் கண்டு எதிர்க்க அந்தப் புரதமே காரணம் என்று காட்டியது. சொட்டுக்காகக் காத்துக் கிடப்பது வீண் வேலை இல்லை.

சேரன்மகாதேவி வாசகர்: வாடிய கத்தரித் தண்டை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினேன். பால் போல இழை இறங்கியது. பூஞ்சையா?

இல்லை, பாக்டீரியா வாடல். பூஞ்சை வாடலில் அப்படி இறங்காது. பூஞ்சைக்கொல்லி வாங்கிப் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: நோய் வந்த வயலில் அடுத்த ஆண்டும் ரசகதலி வைக்கலாமா?

கூடாது. பனாமா வாடல் பூஞ்சையின் தடித்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். நெல் போட்டு நீர் கட்டினால் அவற்றின் பலம் குறையும், ஒழியாது. அந்த வயலிலிருந்து கன்று எடுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். நோயுற்ற வாழையைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரித்து, குழியில் சுண்ணாம்பு போடுங்கள். வாய்க்காலில் தள்ளிவிட்டுக் கைகழுவுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். தண்ணீர் அதைக் கீழ்மடைக்காரர் வயலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.