எல்க் வேட்டைக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

கேள்வி: டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். வயது 41. நான்கு சீசனாக நண்பரின் பண்ணையில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். அடுத்து மேற்கே மலைக்குப் போய் எல்க் (பெரிய மான் இனம்) வேட்டையாட வேண்டும் என்று ஆசை. கைடு வைத்துக்கொள்ள வசதி இல்லை. ஆண்டுக்கு ஒரு வாரம் லீவு கிடைக்கும், சுமார் 2,000 டாலர் ஒதுக்க முடியும். கூட வேட்டைக்கு வருபவர்கள் எல்லா மாநிலத்திலும் குலுக்கலுக்கான முன்னுரிமைப் புள்ளி வாங்கிச் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கே விண்ணப்பிப்பது? நண்பர் ஒருவரோடு சேர்ந்து விண்ணப்பித்தால் நல்லதா?

பதில்: எல்லா மாநிலத்திலும் புள்ளி சேர்ப்பது, 20 வருடத்துக்கு முன்னால் தொடங்கியவர்களுக்குச் சரியாக இருந்தது. இன்று 41 வயதில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மூன்று மாநிலம் போதும். ஒன்று இந்த வருடமே போவதற்கு, ஒன்று சில வருடம் பொறுத்துப் போவதற்கு, ஒன்று அதிர்ஷ்டத்தைப் பார்ப்பதற்கு. உங்கள் நிலைமைக்கு அவை கொலராடோ, வைமிங், நியூ மெக்ஸிகோ. ஏன் என்று சொல்கிறேன்.

டெக்ஸாஸில் லைசென்ஸ் வாங்கினால் மான் டேக் (ஒரு விலங்கை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு) அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. மேற்கு மாநிலங்களில் அப்படி இல்லை. மாநிலத்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை விலங்கு எடுக்கலாம், எந்த வாரத்தில், வில்லா ரைஃபிளா என்று கணக்குப் போட்டு அத்தனை டேக்தான் கொடுப்பார்கள்; கேட்பவர்கள் அதிகம் என்றால் குலுக்கல். அதில் பெரும்பங்கு அந்த மாநிலத்தவருக்கு. அரிஸோனாவில் வெளிமாநிலத்தவருக்கு அதிகபட்சம் 10 சதவீதம். ஓரிகனில் 5 சதவீதம்தான். நியூ மெக்ஸிகோவில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைக்கு ஏற்பாடு செய்து கூட்டிப்போகும் நிறுவனம்) ஒப்பந்தம் போட்டு வருபவர்களுக்கு, மிச்சம் 6 சதவீதம்தான் உங்களைப் போல் தனியாக வருபவர்களுக்கு. ஒரு வேட்டைக்கு 50 டேக் என்றால் உங்கள் பங்கு மூன்று. அந்த மூன்றுக்கு நாடு முழுவதிலும் இருந்து ஆட்கள் கைநீட்டுவார்கள்.

பல மாநிலங்களில் குலுக்கலில் கிடைக்காதவருக்கு அடுத்த முறைக்கு ஒரு புள்ளி தருகிறார்கள். ஆனால் புள்ளி என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று வரிசை மாதிரி: அதிகப் புள்ளி வைத்திருப்பவர் முதலில், அவர் முடித்த பிறகே அடுத்தவர். கொலராடோவில் எல்க், மான் டேக் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. இன்னொன்று சீட்டு மாதிரி: புள்ளி கூடக்கூடப் பெட்டிக்குள் உங்கள் பெயர் கூடுதல் தடவை போடப்படும், ஆனால் புதிதாக வந்தவர் பெயரும் அதே பெட்டியில் இருக்கும். நெவாடாவில் புள்ளியை வர்க்கப்படுத்திப் பெயரைச் சேர்க்கிறார்கள். யூட்டா பாதி டேக்கை அதிகப் புள்ளிக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குலுக்குகிறது. வைமிங் வெளிமாநிலத்தவர் பங்கில் 75 சதவீதத்தைப் புள்ளி வரிசைப்படியும் 25 சதவீதத்தைப் புள்ளி பார்க்காத குலுக்கலிலும் கொடுக்கிறது.

வரிசை முறையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நல்ல யூனிட்டில் ஆண்டுக்கு 10 டேக். உங்களுக்கு முன்னால் 400 பேர் அதே யூனிட்டுக்கு ஆசைப்பட்டு நிற்கிறார்கள். யாரும் விலகாவிட்டால் உங்கள் முறை வர 40 வருடம். உங்களுக்கு 81 வயது. ஆண்டுக்கு ஒரு புள்ளி நீங்கள் சேர்த்தால் அவர்களும் ஒரு புள்ளி சேர்க்கிறார்கள், இடைவெளி அப்படியே நிற்கிறது. போன வருடம் 6 புள்ளியில் கிடைத்த டேக் இந்த வருடம் 7 கேட்கும். கொலராடோவின் வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்ற யூனிட்களுக்கு வெளிமாநிலத்தவர் 20 புள்ளிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அவற்றை இன்றே மறந்துவிடுங்கள்.

இன்னொன்று: புள்ளி வாங்கும்போது மாநிலம் உங்களுக்கு எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. கொலராடோவில் வெளிமாநில வில் வேட்டைக்காரர்கள் மேற்குப் பகுதியின் பல யூனிட்களில் குலுக்கல் இல்லாமல் எல்க் டேக் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025-லிருந்து அது நின்றுவிட்டது. ஐடஹோவில் வெளிமாநிலத்தவருக்கான பொது டேக் முந்தியவருக்கே என்று விற்றுவந்தார்கள்; 2026 சீசனிலிருந்து அதுவும் குலுக்கல். 15 வருடம் பணம் கட்டிய பிறகு விதி மாறினால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

சரி, கொலராடோவுக்கு வருவோம். நாட்டிலேயே அதிக எல்க் அங்கேதான், ஏறத்தாழ 2,80,000. டாலஸிலிருந்து ஒரு நீண்ட நாள் காரோட்டினால் மலை அடிவாரம். இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் சீசன்களுக்கு, அதாவது அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் பாதியும், பல யூனிட்களில் ஆண் எல்க் டேக்கைக் குலுக்கல் இல்லாமலே ஆகஸ்ட் முதல் வாங்க முடிகிறது. அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் யூனிட் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். கூட்டம் இருக்கும். பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். பெரும்பாலான யூனிட்களில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளை, அல்லது குறைந்தது 5 அங்குல நீளமுள்ள புருவக்கிளை (கொம்பின் அடியில், முகத்துக்கு மேல் நீளும் கிளை) இருந்தால்தான் சுடலாம். இத்தனைக்குப் பிறகும் முதலில் அங்கே போங்கள் என்றுதான் சொல்வேன். 10,000 அடி உயரத்தில் மூச்சு எப்படி வாங்கும், எல்க் மந்தை எந்த நேரத்தில் மரத்துக்குள் நுழையும், கீழே விழுந்த விலங்கிலிருந்து 200 பவுண்டு இறைச்சியை முதுகில் சுமந்து இறக்க எத்தனை நடை ஆகும் என்பதெல்லாம் போனால்தான் தெரியும். அந்தப் படிப்பு இல்லாமல் 15 வருடம் காத்திருந்து பெரிய டேக் வாங்கியவர்கள், முதல் முறை எல்க்கைப் பார்ப்பதே அந்த வாரத்தில்தான் என்ற நிலையில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

கொலராடோவில் புதியவர்கள் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தில் கிடைத்தால் மட்டுமே உங்கள் புள்ளி செலவாகும். ஆகவே முதல் விருப்பத்தில் புள்ளிக்கான குறியீட்டைப் போட்டுவிட்டு, இரண்டாவது விருப்பத்தில் உண்மையான வேட்டை ஒன்றை, பெரும்பாலும் பெண் எல்க் டேக்கை, கேளுங்கள். கிடைத்தால் வேட்டையும் உண்டு, புள்ளியும் ஒன்று கூடும். எந்த வேட்டைகள் இரண்டாவது விருப்பத்தில் போயின என்பது மாநிலம் வெளியிடும் முந்தைய வருடக் குலுக்கல் அறிக்கையில் இருக்கும். கடைசி நாள் ஏப்ரல் முதல் செவ்வாய். விண்ணப்பிக்கும் முன் தகுதி லைசென்ஸ் ஒன்று வாங்கவேண்டும், அதற்கு ஏறத்தாழ 100 டாலர் ஆகும்.

பெண் எல்க்கைக் குறைவாக நினைக்காதீர்கள். இறைச்சி மென்மையானது, டேக் கிடைப்பதும் சுலபம், கற்றுக்கொள்வதும் அதே மலையில்தான். உங்களுக்குக் கொம்பு வேண்டுமா, வேட்டையும் இறைச்சியும் வேண்டுமா என்பதை இப்போதே மனதுக்குள் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வைமிங் உங்கள் நடுத்தரத் திட்டம். எல்க் விண்ணப்பம் பிப்ரவரி தொடக்கத்தில் முடியும், முடிவு மே மாதம் வரும். சாதாரணக் கட்டணம் 692 டாலர், அதோடு விண்ணப்பத்துக்கு 15. ஸ்பெஷல் என்ற இன்னொரு வரிசையில் 1,950 டாலர் கட்டினால் போட்டி சற்றுக் குறைவு, ஆனால் உங்கள் மொத்தப் பணமும் டேக்கிலேயே போய்விடும், வேண்டாம். விண்ணப்பிக்காத வருடத்தில் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் 52 டாலருக்கு எல்க் புள்ளி வாங்கிவையுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து புள்ளியும் வாங்காமல் விண்ணப்பமும் போடாமல் விட்டால் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும்; நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் பெண் எல்க், கன்று டேக் 288 டாலர்தான், அதற்குப் புள்ளி தேவையில்லை.

கைடு வேண்டாம் என்று சொன்னதால் வைமிங்கில் ஒரு சட்டம் உங்களைக் கட்டாயம் பாதிக்கும். அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த வனப்பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டைக்குத் தனியாகப் போகக்கூடாது. லைசென்ஸ் பெற்ற கைடு வேண்டும், அல்லது அதற்கான இலவச அனுமதி எடுத்த உள்ளூர்வாசி ஒருவர் கூட வரவேண்டும். யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள யூனிட்களில் பெரும்பரப்பு இப்படிப்பட்ட நிலம். வரைபடத்தில் அந்த எல்லையைப் பார்க்காமல் யூனிட் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நியூ மெக்ஸிகோவில் புள்ளியே கிடையாது. 30 வருடமாக விண்ணப்பிப்பவரும் இன்று முதல் முறை விண்ணப்பிக்கும் நீங்களும் ஒன்றுதான். உங்கள் பெயர் எடுக்கப்பட்டால் மூன்று விருப்பங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போவார்கள். ஆகவே ஆசைப்படும் யூனிட்டை முதலில், எளிதானதை மூன்றாவதாகப் போடுங்கள். மார்ச்சில் கடைசி நாள். டேக் கட்டணத்தை முன்பணமாக முழுசாகக் கட்டவேண்டும், கிடைக்காவிட்டால் திரும்பி வரும். சில வாரம் அந்தப் பணம் கையில் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மற்ற மாநிலங்களை இப்போதைக்கு விடுங்கள். மொன்டானாவில் எல்க் காம்போ (பல அனுமதிகள் சேர்ந்த) லைசென்ஸே ஆயிரம் டாலரைத் தாண்டும். அரிஸோனாவில் விண்ணப்பிக்கவே 160 டாலருக்கு லைசென்ஸ் வாங்கவேண்டும், அது திரும்ப வராது. யூட்டா, நெவாடா இரண்டும் அருமையான நிலம், ஆனால் உங்கள் 2,000 டாலரைச் சில்லறையாக்கி ஏழு மாநிலத்துக்குப் பிரித்தால் எங்கேயும் போக மிச்சம் இருக்காது.

யூனிட் தேர்வில் எல்லோரும் டேக் கிடைக்கும் சதவீதத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான் அந்த எண்ணை நம்பி ஒரு முறை கிழக்கு வைமிங்கில் ப்ராங்ஹார்ன் (மான் போன்ற புல்வெளி விலங்கு) டேக் வாங்கினேன். எளிதாகக் கிடைத்தது. போய் நின்றபோது கண்ணுக்கு எட்டியவரை தனியார் வேலி. விலங்கு வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. பண்ணைக் கதவைத் தட்டிக் கேட்டதில் நுழைய மட்டுமே பெருந்தொகை சொன்னார்கள். ஒரு டேக் எளிதாகக் கிடைக்கிறது என்றால் ஏன் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் நிலத்தில் இருக்கும். ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலியில் யூனிட்டைத் திறந்து, பொதுநிலம் எவ்வளவு, அதற்குச் சாலை போகிறதா, அந்த மாதத்தில் விலங்கு அந்த உயரத்தில் இருக்குமா என்று பாருங்கள். சதுரங்கப் பலகைபோல் பொதுநிலமும் தனியார் நிலமும் மாறி மாறி இருக்கும் இடங்களில், ஒரு பொதுநிலத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுநிலத்தின் மூலைக்குத் தாண்டுவது பற்றி 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கொலராடோ, வைமிங், நியூ மெக்ஸிகோ மூன்றும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. மொன்டானா வராது.

அப்புறம் பனிக்காலம். 2022–23 குளிரில் தென்மேற்கு வைமிங்கிலும் வடமேற்கு கொலராடோவிலும் மியூல் மானும் ப்ராங்ஹார்னும் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஐந்து வருடப் பழைய புகழை வைத்து யூனிட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தப் பகுதியின் உயிரியலாளருக்கு மாநில அலுவலகம் மூலம் ஒரு போன் போடுங்கள். மரியாதையாக, வேலை நெருக்கடி இல்லாத நாளில் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

உங்கள் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பு) சான்றிதழ் கையில் இருக்கிறதா? டெக்ஸாஸில் அந்த வகுப்பை ஒரு வருடம் தள்ளிவைக்கும் அனுமதி வாங்கி வேட்டையாடியிருந்தால் அது வேறு மாநிலத்தில் செல்லாது, முழு வகுப்பையும் முடித்தாகவேண்டும். திரும்பும்போது தலையையோ முதுகெலும்பையோ காரில் ஏற்றாதீர்கள். மான் இனங்களைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் பரவாமலிருக்க, நோய் உள்ள மாநிலங்களிலிருந்து மூளையும் தண்டுவடமும் வருவதை டெக்ஸாஸ் தடுக்கிறது. எலும்பு நீக்கிய இறைச்சியாகக் கொண்டுவாருங்கள்.

நண்பரோடு சேர்ந்து விண்ணப்பிப்பது பற்றிக் கேட்டீர்கள். மலையில் இருவர் இருப்பது பாதுகாப்பு, சுமப்பதற்கும் துணை, அதனால் ஆள் இருந்தால் கண்டிப்பாகச் சேர்ந்து போங்கள். குலுக்கலில் மட்டும் கவனம் வேண்டும். கொலராடோவில் குழுவில் யாருக்குப் புள்ளி குறைவோ அதுவே எல்லோருடைய புள்ளி, வைமிங்கில் சராசரி. அவர் புதியவர், நீங்கள் நாலு புள்ளி சேர்த்துவிட்டீர்கள் என்றால் கொலராடோவில் உங்கள் நாலும் பயனில்லாமல் போகும். வெளிமாநிலத்தவருக்கு ஒரே டேக் உள்ள வேட்டைக்கு இருவராக விண்ணப்பித்தால் கிடைக்க வழியே இல்லை. அந்த மாதிரி இடத்தில் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர் கூடப் போய்ச் சுமக்கட்டும். இருவருமே இந்த வருடம்தான் புள்ளி சேர்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் ஒன்றாகவே தொடங்குங்கள், கணக்கு கடைசிவரை சமமாகப் போகும்.