கூண்டைக் காலி செய்தவரிடம் கேள்விகள்: பந்தயப் புறாவும் நுரையீரலும்

எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் புறாவை வடசென்னையில் 41 ஆண்டுகள் வளர்த்துப் பந்தயம் விட்டவன் நான். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். புறாத் தூசியால் நுரையீரல் கெட்டிருப்பது உறுதியானபின், 2019-இல் 64 புறாக்களையும் ஒப்படைத்துவிட்டு மொட்டை மாடியைக் காலி செய்தேன். இந்த நோயைப் பற்றியும், பறவைகளை விடுவதைப் பற்றியும் கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதைக் கேட்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (பெரம்பூர்): ஐயா, எனக்கு வயது 58, முப்பது ஆண்டுகளாக ஹோமர் வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டைச் சுத்தம் செய்தால், மாலையில் குளிரும் காய்ச்சலும் வறட்டு இருமலும் வருகின்றன, செவ்வாய்க்கிழமைக்குள் சரியாகிவிடுகிறது. வைரஸ் காய்ச்சல் என்கிறார்கள். இது புறாவால் வருவதாக இருக்குமா?

பதில்: வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருகிற வைரஸ் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது எனக்கு 2011 முதல் நடந்ததை அப்படியே சொல்வதுபோல் இருக்கிறது. புறாவின் எச்சத்திலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதங்களை மூச்சோடு உள்ளிழுத்துப் பல ஆண்டுகள் ஆனபின், சிலருடைய உடல் அவற்றைப் பகையாகக் கருதத் தொடங்குகிறது. அப்போது நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளிலேயே அழற்சி உண்டாகிறது. தூசி பட்ட உடனே இது தெரிவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வருவதால், காலையில் பிடித்த துடைப்பத்தையும் மாலையில் வந்த காய்ச்சலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் வகையைச் சேர்ந்தது இது. புறா வளர்ப்போருக்கு வருவதை 1965-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் தனியாகப் பெயரிட்டு எழுதிவிட்டார்கள்.

நம்மை ஏமாற்றும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. பந்தயத்துக்குத் தயாரான புறாவைக் குளியல் தட்டில் இறக்கினால், தண்ணீரின் மேல் பால் ஆடைபோல வெள்ளைப் பொடி மிதக்கும். அதைக் கண்டு, பறவை நல்ல நிலையில் இருக்கிறது என்று நாம் மகிழ்வோம். இறகின் மேல் படியும் அந்த மெழுகுப் பொடியின் துகள் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கோ தொண்டையோ அதைத் தடுத்து நிறுத்தாது. நேரே நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். எந்தப் பொடியைப் பார்த்து நாற்பது ஆண்டுகள் பெருமைப்பட்டேனோ, அதுவேதான் என் மூச்சைக் குறைத்தது.

காய்ச்சல் வந்து போகும் இந்தக் கட்டத்திலேயே விலகிவிட்டால், பெரும்பாலோருக்கு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. தழும்பு விழுந்துவிட்டால் அது திரும்புவதில்லை. நான் எட்டு ஆண்டுகள் தாமதித்தேன். நீங்கள் இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): என்ன பரிசோதனைகள் செய்வார்கள்? எனக்குக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை.

பதில்: கொடுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த முறை போகும்போது, "நான் புறா வளர்க்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. எனக்கும் ஒரு மருத்துவமனையில் ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் நான் நாள்தோறும் கூண்டுக்குள்தான் இருந்தேன். நெஞ்சை நுட்பமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன், மூச்சின் கொள்ளளவையும் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் திறனையும் அளக்கும் பரிசோதனை, தேவைப்பட்டால் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் உள்ள அணுக்களின் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்வார்கள். புறாப் புரதத்துக்கு எதிராக இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனை மட்டும் போதாது; நோயே இல்லாத வளர்ப்பாளர்கள் பலருக்கும் அது இருப்பதாகவே காட்டும்.

இது ஏதோ குளிர் நாட்டு நோய் என்றும் எண்ண வேண்டாம். 2017-இல் வெளியான இந்திய நுரையீரல் திசு நோய்ப் பதிவேட்டில் இடம்பெற்ற 1,084 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது இந்த வகை அழற்சிதான். அவர்களில் பலருக்கு ஏர்கூலரோடு தொடர்பு இருந்தது; பறவைகளோடு தொடர்பு இருந்தவர்களும் உண்டு.

கேள்வி (திண்டுக்கல்): முகமூடி அணிந்துகொண்டு தொடர்ந்து வளர்க்கலாமா?

பதில்: நோய் வராதவர்கள் கட்டாயம் அணிய வேண்டும், துணியை மடித்துக் கட்டுவது பயன்படாது, என்95 தரமாவது வேண்டும். நோய் வந்துவிட்டவருக்கு அது போதாது. முகத்தில் சரியாகப் பொருந்தாத இடைவெளி வழியே தூசி நுழையும். கூண்டை விட்டு வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபின் சட்டையிலும் தலைமுடியிலும் இருக்கும் தூசியை என்ன செய்வீர்கள்? முகமூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்தபின் சுரண்டுங்கள்.

கேள்வி (ஈரோடு): எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இரண்டு ஜோடி மட்டும் வைத்துக்கொண்டால்?

பதில்: இரண்டு ஜோடி எத்தனை மாதத்தில் இருபது பறவைகள் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? கூடாது.

கேள்வி (கும்பகோணம்): அண்ணா, மருத்துவர் விடச் சொல்லிவிட்டார். என்னிடம் 40 ஹோமர்கள் உள்ளன. விற்றால் திரும்பி வந்துவிடுமே, எப்படிக் கொடுப்பது?

பதில்: இங்கே வந்த கேள்விகளில் இதற்குத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், மற்றவற்றுக்கு மருத்துவர் இருக்கிறார், இதற்கு வேறு யாரும் இல்லை. மாட்டை விற்றால் கயிற்றோடு போய்விடும். ஹோமரை விற்றால், புது வீட்டில் கூண்டு திறந்த அன்றே உங்கள் மாடியில் நிற்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வீடு வருவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நாம் உருவாக்கிய பறவை, நம் நோய்க்காக அந்தக் குணத்தை மாற்றிக்கொள்ளாது.

ஆகவே பறவைகளை வயதின்படி பிரித்துக்கொள்ளுங்கள். கூண்டை விட்டு ஒரு முறைகூட வெளியே பறக்காத குஞ்சுகள், அதாவது தானாக இரை எடுக்கத் தொடங்கிய நான்கு வார அளவிலானவை, எந்தக் கூண்டுக்கும் பழகிவிடும். அவற்றை உங்களுக்குப் பிடித்த இளைஞர்களுக்குக் கொடுங்கள். பந்தயம் பறந்த மூத்த பறவைகளை, குஞ்சு எடுப்பதற்காக மட்டும் அடைத்து வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களிடம் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். அவற்றை எந்நாளும் வெளியே விடமாட்டேன் என்ற உறுதியைக் கேட்டு வாங்குங்கள். பறவைக்கு அது சிறைதான். இருந்தாலும், ஆள் இல்லாத மாடிக்குத் திரும்பி வந்து வல்லூறுக்கும் பூனைக்கும் இரையாவதைவிட அது மேல். இடையில் உள்ளவற்றை, சில முறை மட்டும் வெளியே பறந்த இளம் பறவைகளை, தொலைவில் உள்ளவரிடம் கொடுத்து, அங்கே ஜோடி சேர்த்து முட்டையிட்டு அடைகாக்கும் வரை அடைத்து வைக்கச் சொல்லலாம். சில அங்கேயே தங்கும், சில தங்காது. பறவையின் கால் வளையத்தில் உள்ள எண்ணையும் உரிமை மாற்றத்தையும் எழுத்தில் கொடுங்கள்.

பறவைகள் போனபின் கூண்டை உடனே பிரித்துவிடுங்கள். திரும்பி வரும் பறவை உள்ளே நுழைய வழி இருந்தால், நீங்கள் தானியம் வைப்பீர்கள். வைத்தால் பழைய கதை தொடங்கிவிடும். என் மாடிக்கு முதல் ஆண்டில் ஒன்பது பறவைகள் வந்தன. புது உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர் வந்து பிடித்துப் போகும்வரை நான் கீழ்வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கூண்டைப் பிரிக்கும் நாளில் நீங்கள் மாடியில் இருக்கக் கூடாது. நாற்பது ஆண்டுத் தூசி ஒரே நாளில் எழும் நாள் அது. வேறு ஆட்கள் முகமூடியோடு, எல்லாவற்றையும் நனைத்தபின் செய்யட்டும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கக் கூடாது என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (வேலூர்): ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை மில்லிகிராம் எடுக்க வேண்டும்?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்வேன்: மாத்திரை தொடங்கியதும் உடம்பு தேறியதுபோல் இருக்கும், அந்தத் தெம்பில் மறுபடி கூண்டுக்குப் போனவர்களை நான் அறிவேன்.

கேள்வி (மதுரை): எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளாகப் புறா வைத்திருக்கும் மூவர் பீடி குடிப்பவர்கள், ஒருவருக்கும் இந்த நோய் இல்லை. எதையும் தொடாத எனக்கு வந்திருக்கிறது. பீடி காப்பாற்றுகிறது என்று சொல்கிறார்களே?

பதில்: இதை நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். புகைப்பவர்களிடம் இந்த நோய் குறைவாகக் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த செய்திதான். புகை நுரையீரலின் காவல் அணுக்களை மழுங்கடிப்பதால், அவை புறாப் புரதத்தை எதிர்த்து எழுவதில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் சண்டையே இல்லை என்று மகிழ்வது போன்றது அது. புகைப்பவருக்கு இந்த நோய் வந்துவிட்டாலோ, காய்ச்சல் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மெல்லப் பரவி நாள்பட்டதாகும் போக்கு அதிகம்.

கேள்வி (மதுரை, வேறொருவர்): ஆய்வு உண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு பின்வாங்குகிறீர்களே ஐயா. அந்த மூவரில் நானும் ஒருவன். மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் இரைக்கும், அவ்வளவுதான். அது பீடியால் வருவது.

பதில்: நீங்கள் எழுதிய கடைசி வாக்கியம்தான் என் பதில். உங்களுக்கு இரைப்பு இருக்கிறது. அது பீடியால் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். ஆகவே ஸ்கேன் எடுக்கவில்லை. ஆகவே உங்களுக்கு நோய் இல்லை. "பீடி குடிப்பவர் ஒருவருக்கும் வரவில்லை" என்ற கணக்கு இப்படித்தான் உருவாகிறது. பீடியும் புறாவும் ஒரே வீட்டில் இருந்தால், குற்றம் எப்போதும் பீடியின் மேல்தான் விழும், புறா தப்பித்துக்கொள்ளும். உங்கள் இரைப்பு எதனால் என்று நானும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பரிசோதனை இருக்கிறது.

கேள்வி (விருதுநகர்): அப்படியானால் நிகோடின் பசையை மென்றால் நோயும் வராது, புகையும் இல்லையே?

பதில்: இந்தப் பேச்சைத் தொடங்கியவர் நோயாளி. அவருக்கு இப்போது வேண்டியது கூண்டை விட்டு விலகுவது. மெல்லுவதற்கு ஒரு பொருள் வேண்டியதில்லை. பீடியைப் பற்றி இன்னும் பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் பதில் இல்லை.

கேள்வி (காஞ்சிபுரம்): புறா வளர்ப்பவர் என் கணவர், ஸ்கேனில் நோய் தெரிந்தது எனக்கு. நான் மாடிக்கே போவதில்லை. இது எப்படி?

பதில்: அம்மா, அவருடைய சட்டையைத் துவைப்பவர் யார்? கூண்டில் போட்டிருந்த துணியை உதறி ஊறவைக்கும்போது எழும் தூசியே போதுமானது. படுக்கையறை ஜன்னலுக்கு மேலே கூண்டு இருந்தாலும் போதும். பறவைகளை அனுப்பிய பின்னும் வீட்டுத் தூசியில் அந்தப் புரதம் பல மாதங்கள் தங்கியிருக்கும். ஆகவே திரைச்சீலை, பாய், தலையணை எல்லாவற்றையும் துவைக்க வேண்டும், அதை நீங்கள் செய்யக் கூடாது. இறகு நிரப்பிய தலையணை இருந்தால் அதுவும் போக வேண்டும். உங்கள் கணவர் இதைப் படிக்கட்டும்: தம்பி, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் இது உங்கள் முடிவு ஆகிவிடாது.

கேள்வி (சேலம்): முகமூடி போட்டால் போதுமா?

பதில்: திண்டுக்கல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): கர்ணப் புறாவில் தூசி குறைவு என்கிறார்களே?

பதில்: கர்ணம் அடிக்கும்போது அதே தூசியைச் சுற்றிச் சுழற்றி உதிர்க்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

கேள்வி (ஆவடி): விஜயவாடா பந்தயத்துக்கு என்ன தீனி கொடுக்கலாம்?

பதில்: வேறு ஆளைக் கேளுங்கள், இன்றைய பேச்சு அது அன்று.

கேள்வி (கோயம்புத்தூர்): முகமூடியில் உயர்ந்த ரகம் ஒன்று இருப்பதாக...

பதில்: இதே கேள்வி ஏழாவது முறையாக வந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது முகமூடி அன்று. விட வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன்.

கேள்வி (தூத்துக்குடி): அப்பாவுக்கு 71 வயது. ஆக்சிஜன் குறைகிறது என்று தெரிந்தும் கூண்டை விட மறுக்கிறார். விட்டால் அதற்கு முன்னே செத்துவிடுவேன் என்கிறார். நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?

பதில்: நன்றாகத் தாங்கினேன் என்று பொய் சொல்லமாட்டேன். பந்தய நாள் மாலையில் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பது நாற்பது ஆண்டுப் பழக்கம்; காலியான மாடியிலும் இரண்டு ஆண்டுகள் நின்றேன். உங்கள் அப்பாவிடம் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், அது அவருக்கே தெரியும். பறவைகள் யாரிடம் போக வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்த ஆணோடு எந்தப் பெட்டை என்ற குறிப்பேடு அவர் கையில் இருக்கும். அது தெரியாதவனிடம் பறவை மட்டும் போனால் வம்சம் கலைந்துவிடும் என்பதுதான் அவருடைய உண்மையான அச்சமாக இருக்கலாம். குறிப்பேட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவனைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

பறவையைத் தொடாமல் செய்யும் வேலையும் பந்தயத்தில் உண்டு. நான் இப்போது வேகக் கணக்கு போடுகிறேன். பறவை வந்ததும் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி, வந்த நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரத்தில் போடுகிறார்கள். அந்த நேரம் என் வீட்டுக்குத் தாளில் வந்து சேர்கிறது. 390 கிலோமீட்டரை 312 நிமிடத்தில் கடந்தால் நிமிடத்துக்கு 1,250 மீட்டர். ஒவ்வொருவருடைய மாடிக்கும் தூரம் வேறு என்பதால், முதலில் வந்த பறவை வென்ற பறவையாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அத்தனை பேரும் என் வாசலில்தான் நிற்பார்கள். அவர்கள் கூண்டிலிருந்து நேரே வரக் கூடாது, குளித்து உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை.

கேள்வி (இராயபுரம்): ஐயா, நானும் போன ஆண்டு விட்டவன். நேற்று வளையம் போட்ட அந்நியப் புறா ஒன்று களைத்துப்போய் என் மாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: பிடிக்காதீர்கள். அகலமான கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு கை கம்பும் வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள்; வழி தவறிய பறவைக்குப் பசியைவிடத் தாகம்தான் பெரிது. தொலைநோக்கி இருந்தால் தூரத்தில் இருந்தே வளைய எண்ணைப் படித்துப் புறாப் பந்தயச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். விடிந்ததும் பெரும்பாலும் போய்விடும். போன பிறகு அந்தச் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், பெருக்க வேண்டாம்.