குடிச்ச பானையை நிரப்புறது – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் பர்மால மோன் மாநிலத்துத் தட்டோன்ல பொறந்து வளந்தவன், ரெண்டு வருஷமா ரங்கூன்ல ஒரு கம்பெனில புரோகிராமரா இருக்கேன். எங்க ஊர் கோயிலோட பழைய நோட்டீஸ், ரசீது, வரவு செலவுக் கணக்கு எல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் எழுத்துருவுல கிடந்துச்சு, அதை யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் பூரா ஒரே எண் வைக்கிற முறைக்கு மாத்த ஒரு சின்ன டூல் எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்னு புரோகிராமைப் பகிர்ந்துக்கற கிட்ஹப் தளத்துல போட்டேன். முதல்ல நாலு பேர் நன்றி சொன்னாங்க. இப்ப தினமும் யாராவது எழுதறாங்க, போன்ல ஓடலை, ஸ்ரீ எழுத்து சரியா வரலை, எப்ப சரி பண்ணுவீங்கன்னு. ஒருத்தர் "முடியாதவன் எதுக்குப் போடணும்"னு எழுதிட்டார், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. தங்கச்சிக்குத் தையில கல்யாணம், காசு வராத வேலையை ஏன் கட்டிக்கிட்டு அழுறேன்னு அம்மா கேக்கறாங்க. நீங்க இத்தனை வருஷமா முகம் தெரியாதவங்களுக்கு உக்காந்து பதில் எழுதறீங்களே, உங்களுக்கு என்ன கிடைச்சுது? நான் தொடரணுமா, விட்டுடணுமா?

(பேர் போட வேண்டாம் அண்ணா)

---

அன்புள்ள தம்பி,

தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கீங்க, அதைப் படிச்சுட்டு எனக்கும் மனசு சரியில்லை, அதனால முதல்ல அதுக்கே பதில் சொல்லிடறேன். எக்ஸ்இசட்னு ஒரு ஃபைல் சுருக்குற டூல் இருக்குல்ல, லினக்ஸ் ஓடுற மெஷின் பூரா இருக்கிறது, அதைப் பின்லாந்துக்காரர் ஒருத்தர் வருஷக்கணக்கா சம்பளம் இல்லாம தனியாப் பாத்துக்கிட்டு வந்தார். 2022-ல முகம் தெரியாத சில பேர் அவரைப் போட்டு நெருக்கினாங்க, ஏன் லேட், முடியலைன்னா வேற ஆள் கிட்ட குடுங்கன்னு. அவர் இது கூலி இல்லாத வேலை, எனக்கு மனசும் சரியில்லைன்னு வெளிப்படையாவே சொல்லியும் விடலை. அந்த நேரம் பாத்து ஒருத்தன் பணிவா வந்து கூட நின்னு உதவி பண்ணி, ரெண்டு வருஷத்துல நம்பிக்கையை வாங்கி, கடைசில சாவி அவன் கைக்கே போயிடுச்சு, 2024-ல அவன் அதுக்குள்ள யாருக்கும் தெரியாம உள்ள நுழைய ஒரு கள்ளக்கதவை வச்சுட்டான். நெருக்கினவங்களும் அவனோட ஆளுங்கதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அந்த வருஷம் மார்ச் கடைசில ஆந்த்ரேஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு புரோகிராமர், சர்வருக்குள்ள நுழைய வழக்கத்தை விட அரை செகண்ட் கூடுதலா ஆகுதேன்னு துருவிப் பாத்ததால அது வெளிய வந்துச்சு, இல்லைன்னா உலகத்துல எத்தனை சர்வருக்குள்ள போயிருக்கும்னு நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் நடுங்குது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, உங்களை அவசரப்படுத்தறவங்களுக்கு நீங்க கடன்பட்டவர் இல்லை. மரியாதை இல்லாம எழுதினவருக்குப் பதில் எழுதாம விடலாம், அது தப்பே இல்லை. களைச்சுப் போனா களைச்சுட்டேன்னு சொல்லுங்க. உங்க டூலை இழுத்து உள்ள வச்சுட்டு தூங்கப் போனாலும் யாரும் உங்களைக் கேக்க முடியாது.

ஆனா விட்டுடணுமான்னு கேட்டீங்களே, அது வேற விஷயம்.

எனக்கு என்ன கிடைச்சுதுன்னா, எனக்குக் கிடைக்க வேண்டியது நான் ஒன்னும் குடுக்கறதுக்கு முன்னாடியே கிடைச்சுடுச்சு தம்பி. 2006-ல ரங்கூன்ல பன்சோடான் தெருப் பக்கம் ஒரு நெட் கடை, மணிக்கணக்குக்குக் காசு, ஒரு பக்கம் திறக்க டீ குடிச்சுட்டு வந்துடலாம், அதனால பக்கத்தையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் வீட்ல படிப்பேன். அப்ப நம்ம ஊர்ல சிம் கார்டு விலை நம்மள மாதிரி ஆளுங்க கிட்ட போக முடியாத விலை, 2014-ல வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்து 1,500 சாட்டுக்கு (சாட்னா பர்மாக் காசு) குடுத்தப்பறம்தான் ஜனங்க கைக்கே வந்துச்சு, உங்க வயசுக்கு இது ஞாபகம் இருக்கும். அந்த நெட் கடையில உக்காந்து நான் ஒரு கேள்வி போட்டேன், டேட்டாபேஸ்ல தமிழ்ல எழுதினா திரும்பி எடுக்கும்போது எல்லாம் கேள்விக்குறியா வருதே ஏன்னு. மறுநாள் போய்ப் பாத்தா யாரோ ஒருத்தர் முப்பது வரிக்குப் பதில் எழுதியிருக்கார், டேபிளை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கிற முறை) ஆக்கினா மட்டும் போதாது, கனெக்‌ஷனுக்கும் சொல்லணும், அதைச் சரி பண்ணினதும் பேக்கப் எடுக்கிற இடத்தையும் பாருங்க, அங்கயும் உடையும்னு. எந்த ஊர்க்காரர்னு தெரியாது, என்ன மொழி பேசறவர்னு தெரியாது, எனக்காக அரை மணி நேரமாவது செலவு பண்ணியிருப்பார். அதுக்கடுத்த வாரம் வேற ஒருத்தன் அதே கேள்வியோட வந்தான், நான் எழுதினேன். அவ்வளவுதான் ஆரம்பம், பெரிய லட்சியம்லாம் அப்ப இல்லை.

ரங்கூன்ல தெருவுக்குத் தெரு பாத்திருப்பீங்க, வீட்டு வாசல்ல, மரத்தடில ஒரு மரச்சட்டம், அதுல மண்பானை, மேல மூடி, மூடி மேல கவுத்து வச்ச டம்ளர். பர்மாக்காரங்க யேஓசின்னு சொல்றது, நம்மூர்த் தண்ணிப்பந்தல்தான், என்ன, நம்ம பந்தல் வெயில் காலத்தோட சரி, இது வருஷம் பூரா நிக்கும். நான் பள்ளிக்கூடம் போற வழியில அப்படி ஒன்னு இருந்துச்சு. ஒரு நாள் விடியக்காலை அந்த வீட்டு வயசான அம்மா பானையை இறக்கி, உள்ள கையை விட்டு வழவழப்பைத் தேச்சுக் கழுவி, பழைய தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு, புதுத் தண்ணி நிரப்பி, டம்ளரைத் துடைச்சுக் கவுத்து வச்சதைப் பாத்தேன். பானை வாங்கி வைக்கிறது ஒரு நாள் வேலை, அன்னிக்கு எல்லாரும் பாத்து சாது சாதுன்னு வாழ்த்துவாங்க. தேச்சுக் கழுவறதை யாரும் பாக்கறதில்லை, ஆனா தினமும் அது நடக்கலைன்னா பானையில பாசி பிடிச்சுடும். நம்ம வேலையும் அச்சு அசல் இதுதான், டூல் எழுதறது பானை வைக்கிறது, வர்ற பிழையைப் பாத்து, பதில் சொல்லி, பழைய குறிப்பைத் திருத்தறது கழுவி நிரப்பறது.

திஞ்சான், அதான் பர்மாப் புத்தாண்டு சமயத்துல தெருவுல பந்தல் போட்டு சத்துதிதான்னு சாப்பாடு போடுவாங்களே, அந்த வார்த்தை பாலியில நாலு திசைன்னு அர்த்தப்படற சொல்லுலேர்ந்து வந்தது, எந்தத் திசையிலேர்ந்து வந்தவனுக்கும் சோறு உண்டு. நம்ம கோயில்ல போடற அன்னதானமும் அப்படித்தான், இலை முன்னாடி உக்காந்தவனை நீ எந்த ஊர்னு கேக்கறதில்லை. சாரிட்டீஸ் எய்ட் ஃபவுண்டேஷன்னு இங்கிலாந்துல ஒரு அமைப்பு, எந்த நாட்டு ஜனங்க அதிகமாக் குடுக்கறாங்கன்னு வருஷா வருஷம் பட்டியல் போடும், அதுல 2014-ல பர்மாவும் அமெரிக்காவும் சேர்ந்து முதல் இடம், 2015, 2016, 2017 மூணு வருஷமும் பர்மா தனியா முதல் இடம். பணக்கார நாடா நம்மது? நமக்குச் சம்பாதிச்சு முடிச்சப்பறம் திருப்பிக் குடுக்கலாம்னு நினைக்கற பழக்கம் இந்த மண்ணுலயே கிடையாது தம்பி, காலையில பிண்டபாதம் (பிச்சை) வாங்க வர்ற பொங்கிக்கு, அதாவது புத்த பிக்குவுக்கு ஒரு கரண்டி சோறு போடறவ, தான் சாப்பிடறதுக்கு முன்னாடி போடறா.

சரி, எழுத்து மாத்தற டூல் எல்லாம் ஒரு சமூக சேவையான்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருக்கலாம். ஒன்னு சொல்றேன். 2017 வாக்குல, நான் வழக்கமாப் போற டீக்கடைல, பக்கத்து மேஜைக்காரர் போனை நீட்டி இதைப் படிக்க முடியுதா பாருங்கன்னார். மாந்தலேல இருக்கிற மக அனுப்பின மெசேஜ். அவ போன் யூனிகோட், இவர் போன் ஸோஜி. உங்களுக்குத் தெரியும், ஸோஜி யூனிகோட் எண்களையே எடுத்துக்கிட்டு அதுல தன் இஷ்டத்துக்கு வேற வேற எழுத்தை உக்கார வச்ச எழுத்துரு. நம்ம மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி மாதிரி பர்மியத்துல அசத்னு ஒன்னு இருக்குல்ல, யூனிகோட்ல அதுக்குன்னு இருக்கிற எண்ணுல ஸோஜி யபின்ங்கற வேற ஒரு குறியை வச்சிருச்சு, அதனால புள்ளி நிக்க வேண்டிய இடத்துல எல்லாம் பக்கத்துல ஒரு வளைவு வந்து தொங்கும், வரி பூரா குதறி வச்ச மாதிரி இருக்கும். நான் கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திக் குடுத்தேன். புது மாத்திரையை ராத்திரி பாதி மட்டும் போடுங்கப்பான்னு எழுதியிருக்கா. அவர் குத்துமதிப்பாப் படிச்சுட்டு ரெண்டு நாளா முழுசாப் போட்டுக்கிட்டிருக்கார். படிச்சுட்டு அவர் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் பேசலை.

அந்தக் கன்வெர்ட்டரை எழுதினவங்க யாரும் அதுல ஒரு சாட் பாக்கலை. நான் அதுல செஞ்சது ரொம்பச் சின்னது, எந்த வரியெல்லாம் தப்பா மாறுதுன்னு பாத்துப் பாத்துச் சோதனை வரி எழுதிக் குடுத்தேன், மூணு வருஷம், வாரத்துக்கு ரெண்டு ராத்திரி. 2019 அக்டோபர் 1-ம் தேதி நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறினப்ப அப்படி நூத்துக்கணக்கான பேரோட சின்னச் சின்ன வேலைதான் அடியில கிடந்து தாங்குச்சு. உங்க மோன் நாட்டுக்கு இதுல இன்னொரு சங்கதி இருக்கு, ஸோஜி பிடிச்சு வச்சிருந்த எண்கள்ல மோன், ஷான், கரேன் எழுத்துக்களுக்குன்னு ஒதுக்கினதும் உண்டு, ஸோஜி இருக்கிற வரைக்கும் அவங்க அவங்க மொழியிலயே எழுத முடியாது. உங்க தெருவுல ஒரு மோன் பையன் இன்னிக்குத் தன் பாட்டிக்குத் தன் எழுத்துல மெசேஜ் அனுப்பறான்னா அதுக்குப் பின்னாடியும் இதே வேலைதான்.

நம்ம தமிழுக்கும் இப்படித்தான் வந்துச்சு. அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ எழுத்துருவைப் பண்ணி யாருக்கும் விலை சொல்லாமக் குடுத்துட்டுப் போனார், 2006-ல காலமாயிட்டார். மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்கு சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கினது, எங்கெங்கயோ இருந்த தமிழங்க வேலை முடிஞ்ச ராத்திரில உக்காந்து பழைய நூல்களைத் தட்டி ஏத்தினாங்க. இங்க 1960-கள்ல தமிழ்ப் பள்ளிக்கூடமெல்லாம் இல்லாமப் போனப்பறம், நம்ம பிள்ளைங்களுக்குக் கோயில் மண்டபத்து ஞாயித்துக்கிழமை வகுப்பு மட்டும்தானே மிச்சம், எனக்கு அகரம் சொல்லிக் குடுத்த வாத்தியார் பகல்ல அரிசிக் கடையில கணக்கெழுதறவர், சம்பளம் கிடையாது. அவர் குடுத்த தமிழோட போய்த்தான் நான் மதுரைத் திட்டத்துல புறநானூறு படிச்சேன். இப்ப கேளுங்க, எனக்கு என்ன கிடைச்சுதுன்னு.

இன்னிக்கு ஏஐ கிட்ட கேட்டாலே பதில் வருது, இனிமே நாம எதுக்குன்னு சில பேர் சொல்றாங்க. அதுக்கும் சோறு நாம எழுதி வச்சதுதான். நம்ம கோயில் ரசீதுல இருக்கிற தமிழை நாம எழுதி வெளிய வைக்கலைன்னா அதுக்கு எங்கேர்ந்து தெரியும்.

அம்மா சொல்றதை அலட்சியம் பண்ணாதீங்க, அவங்க சொல்றது நியாயம். நான் வச்சிருக்கிற கணக்கு இது, கரண்ட் முறை வச்சு வர்ற ஊர்ல லேப்டாப் சார்ஜ் முதல்ல ஆபீஸ் வேலைக்கு, அப்புறம் வீட்டுக்கு, மிச்சம் இருக்கிறதுல நாளைக்கு அரை மணி ஊர் வேலைக்கு. பேட்டரி இல்லாத அன்னிக்கு இல்லை, அதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்கறதில்லை. சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் திரையே கிடையாது, எங்கம்மாவோட உக்காந்து பேசுவேன், மழை இல்லைன்னா காந்தவ்ஜி ஏரிக்கரையில நடப்பேன். அந்த ரெண்டு மணி நேரத்தை ரெண்டு வருஷம் விட்டுட்டிருந்தேன், அந்தக் காலத்துல நான் எழுதின பதிலை இப்ப படிச்சா கோபமா இருக்கு, கேள்வி கேட்ட புதுப் பையனைக் கடிச்சு வச்சிருக்கேன். குடும்பத்தோட இருக்கத் தெரியாதவன் முகம் தெரியாதவனுக்கு நல்லது பண்ண முடியாதுன்னு அப்ப தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒன்னு மட்டும் கண்டிப்பாச் செய்யுங்க. பாத்துக்க முடியாத காலத்துல பானையைக் கவுத்து வச்சிடுங்க. டூலோட இருக்கிற ரீட்மீ குறிப்புல முதல் வரியிலயே "பிப்ரவரி வரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன், இன்னின்ன பிழை இருக்கு, வேணும்னா நகல் எடுத்து நீங்களே திருத்திக்கங்க"ன்னு எழுதிடுங்க. தாகத்தோட வந்தவன் தூரத்துலயே தெரிஞ்சுக்கிட்டு அடுத்த பானைக்குப் போயிடுவான். திறந்து வச்சுட்டு உள்ள தண்ணி இல்லாம விடறதுதான் கஷ்டம்.

உங்க டூலை எடுத்து ஓட்டிப் பாத்தேன். பாமினில தமிழ்னு எழுதணும்னா ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி, அந்த இங்கிலீஷ் கீயை எல்லாம் தமிழுக்கு மாத்தற அட்டவணை சுத்தமா இருக்கு. கொம்பு முன்னாடி வர்றதைத் தூக்கி எழுத்துக்குப் பின்னாடி போடறதையும் அழகாப் பண்ணியிருக்கீங்க (பர்மியத்துல நம்ம கொம்பு மாதிரி முன்னாடி வர்ற தவேதோவுக்கும் ஸோஜிக்காரங்களோட இதே மல்லுக்கட்டுதான்). ஸ்ரீதான் பிரச்சினை. யூனிகோட்ல ஸ்ரீயை ரெண்டு விதமா எழுதலாம், ஸ போட்டும் எழுதலாம், 2005-ல சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒன்னாத் தெரியும், தேடினா ஒன்னு மத்தது கிட்ட சிக்காது. உங்க டூல் ஒரு ஃபைல்ல இப்படியும் இன்னொன்னுல அப்படியும் எழுதுது. கோயில் நோட்டீஸ் எல்லாமே ஸ்ரீயில ஆரம்பிக்கறதால ஜனங்க அத்தனை பேரும் இதுலயே வந்து முட்டிக்கறாங்க. நான் ஒரே விதமா எழுதற மாதிரி திருத்தி, எங்க கோயில் ரசீதுலேர்ந்து பதினாலு சோதனை வரி சேத்து, நேத்து ராத்திரி அனுப்பியிருக்கேன். போன்ல ஓடாததை இன்னும் பாக்கலை, அடுத்த வாரம் பாக்கறேன்.

கல்யாணம் முடியற வரைக்கும் வர்ற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கறேன், எனக்கு அனுமதி மட்டும் குடுத்துட்டு நீங்க ஊருக்குக் கிளம்புங்க. பத்திரிகை ஒன்னு அனுப்பி வைங்க தம்பி, பாமினில அடிச்சிருந்தாலும் பரவாயில்லை, அதையும் பதினைஞ்சாவது வரியாச் சேத்துடலாம்.

அன்புடன்,
அண்ணன்