வேறு மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் புரொபேஷனில் (சிறைக்கு வெளியே நீதிமன்றக் கண்காணிப்பு) இருக்கிறேன். இந்தியா போய்வரலாமா?

இப்படிக் கேட்டிருக்கிறீர்கள், நானும் இதில் மாட்டியவன்தான். நீங்களும் என்னைப்போல ஹெச்1பி-யில் (அமெரிக்க வேலை விசா) இருப்பவர் என்றே வைத்துக்கொள்கிறேன். கிரீன் கார்டு என்றால் விசா பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள்.

எனக்கு வீடு வட கரோலினாவில், சார்லட். மாட்டியது ஜார்ஜியாவில். அட்லாண்டாவில் நண்பன் வீட்டு விருந்து முடிந்து ஐ-85 ஏறி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம், நான் ஊதியது 0.11. தப்புதான், நியாயப்படுத்த வரவில்லை. திட்ட நினைப்பவர்கள் என் மனைவிக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும்.

12 மாதம் புரொபேஷன், 40 மணி நேரச் சமூக சேவை, 20 மணி நேர வகுப்பு. அனுமதியில்லாமல் மாநிலம் தாண்டக் கூடாது என்று தாளில் போட்டிருந்தார்கள். நான் குடியிருப்பதே வெளிமாநிலம்! புரொபேஷனைச் சொந்த மாநிலத்துக்கு மாற்றும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம், இந்தக் குற்றத்தில் இரண்டாம் தடவை மாட்டியவர்களுக்குத்தான். முதல் தடவைக்காரன் அந்த நீதிமன்றத்திடமே கேட்க வேண்டும். வக்கீல் பேசி, மாதாமாதம் தபாலில் தகவல் அனுப்பினால் போதும் என்று வாங்கித் தந்தார். ஜார்ஜியாவால் என் லைசென்ஸைப் பிடுங்க முடியாது, அங்கே ஓட்டும் உரிமையைத்தான் நிறுத்த முடியும். ஆனால் சேதி வட கரோலினாவுக்குப் போய், இவர்கள் ஒரு வருஷத்துக்குப் பிடுங்கிவிட்டார்கள்.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். தேதி, விமான எண், தங்கும் முகவரி எல்லாம் எழுதிக் கேட்டேன். புரொபேஷன் அதிகாரி அம்மா ஒரே நாளில் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டார். தடுத்தது விசா. தீர்ப்பெல்லாம் வேண்டாம், கைதானாலே போதும், விசாவை ரத்து செய்துவிடுகிறார்கள். இங்கே இருப்பதற்கும் வேலைக்கும் பிரச்சினை இல்லை. வெளியே போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும், அதற்குத் தூதரகம் சொல்லும் டாக்டரிடம் பரிசோதனை வேறு. வேலையை நினைத்துப் போகவில்லை. அப்பா தலையில் கலசத் தண்ணீர் ஊற்றியதை வாட்ஸ்அப்பில் பார்த்தேன், மச்சான் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அன்றைக்கு "இன்னொண்ணு போடுடா" என்று ஊற்றிக் கொடுத்தவன் அப்புறம் ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

டிக்கெட் போடுமுன் மின்னஞ்சலில் ஸ்பாமையும் திறந்து பாருங்கள். எனக்கு விசா ரத்துக் கடிதம் மூன்று வாரம் அங்கேதான் கிடந்தது.