வீட்டில் காட்ட வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள், டீச்சர்?

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். பாடப்புத்தகம் தவிர ஒரு நாவலையாவது படிக்க வைக்க ஆசைப்பட்டு, பிள்ளைகள் சினிமாவாகப் பார்த்திருப்பார்களே என்று ‘தி ஹங்கர் கேம்ஸ்’ எடுத்தேன். முதல் ஆறு அத்தியாயங்களை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் யாரிடமும் காட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தும் ஒரு பையன் மட்டும் கோள் சொல்லிவிட்டான். அவன் அம்மா எச்.எம்.மிடம் வந்து, ‘பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கொல்ற கதையா சொல்லித் தர்றீங்க?’ என்று கேட்டார். நாவல் நின்றுபோனது. எந்தப் பெற்றோரும் குறை சொல்ல முடியாத ஒரு டிஸ்டோபியன் நாவலை, அதாவது கொடுங்கோல் ஆட்சி நடக்கும் கற்பனை உலகத்தைக் காட்டும் நாவலை, சொல்லுங்கள்.
– ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அப்படி ஒரு நாவல் கிடையாது, டீச்சர். தேடாதீர்கள். இந்த வகைக் கதையில் யாராவது சாவார்கள், யாராவது பொய் சொல்வார்கள், அரசாங்கம் முதலில் பிள்ளைகள் மேல்தான் கை வைக்கும். அதைப் பார்த்துப் பெற்ற வயிறு கலங்காமல் இருக்காது.

நாவலுக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் பிரச்சினையே. பதினான்கு வயதுப் பிள்ளைகள் 42 பேரிடம், பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்காதவனுக்குக் ‘கோள் சொன்னவன்’ என்று பெயர் வேறு வைத்துவிட்டீர்கள். அந்தப் பையன் செய்தது என்ன? பையில் இருந்த தாளைத் தன் அம்மாவிடம் காட்டினான். நாளைக்கு வேறு யாரோ ஒரு பெரியவர், ‘வீட்ல சொல்லாதே’ என்று அவனிடம் சொல்லக்கூடும். அன்றைக்கும் அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றுவது ஆசிரியரின் கடமை. நீங்கள் அதை உடைக்கப் பார்த்தீர்கள்.

எந்தக் கதைகளைச் சொல்லித்தர ஆசைப்பட்டீர்களோ, அவையே இதைத்தான் சொல்கின்றன. லோயிஸ் லோரி 1993-ல் எழுதிய ‘தி கிவர்’ நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில், ஊரின் பழைய ஞாபகங்களைச் சுமக்கும் பயிற்சிக்குத் தேர்வான பன்னிரண்டு வயது ஜோனாஸிடம் எட்டு விதிகள் கொண்ட ஒரு தாள் தரப்படும். பயிற்சியைப் பற்றிப் பெற்றோரிடம்கூடப் பேசக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கடைசி விதி, ‘நீ பொய் சொல்லலாம்.’ 1949-ல் வந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’-ல் ஏழு வயதுப் பெண் குழந்தை, தூக்கத்தில் உளறிய அப்பாவைப் போலீசில் காட்டிக்கொடுக்கும். கொடுங்கோல் ஆட்சி முதலில் பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் சுவர் எழுப்பும். இதை உணர்ந்து படித்திருந்தால் அந்த வார்த்தை உங்கள் வாயில் வந்திருக்காது.

திங்கட்கிழமை முதல் பீரியடில், வகுப்பின் முன்னாலேயே, ‘நான் சொன்னது தப்பு, அவன் செய்ததுதான் சரி’ என்று சொல்லுங்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். நீங்கள் போய்ப் பார்த்து, ‘தி ஹங்கர் கேம்ஸ்’ கதையைச் சொல்லுங்கள். பஞ்சத்துக்குப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில், ஒருவரை ஒருவர் கொல்லும் போட்டிக்குப் பிள்ளைகளை எடுக்கும் குலுக்கலில் பன்னிரண்டு வயதுத் தங்கையின் பெயர் வந்துவிட, அவளுக்குப் பதிலாக அக்கா தன்னையே கொடுப்பதில்தான் அந்த நாவல் தொடங்குகிறது. ஒரு வருஷத்துக்கான தானியத்துக்கும் எண்ணெய்க்கும் ஈடாக ஏழைப் பிள்ளைகள் அந்தக் குலுக்கலில் தங்கள் பெயரைக் கூடுதலாக ஒரு தடவை எழுதிப் போடுகிறார்கள். ரேஷன் வரிசையில் நின்ற எந்தத் தாய்க்கும் இது புரியும். நீங்கள் சொல்லாமல் விட்டதால், கொலை மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

ஆறு அத்தியாயத்தோடு ஜெராக்ஸை நிறுத்தியது அடுத்த தப்பு. பயத்தை ஏற்றிவிட்டு நடுவழியில் விட்டால், பிள்ளை மனதில் பயம் மட்டுமே தங்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த வகை நாவலை முடிக்க முடியும் என்றால்தான் தொடங்க வேண்டும்.

முடியுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நாற்பது நிமிஷப் பீரியடில் வாசிப்புக்கு இருபது நிமிஷம்தான் கிடைக்கும். நிறுத்தி நிறுத்திச் சத்தமாக வாசித்தால் நிமிஷத்துக்கு 100 வார்த்தை, ஆகப் பீரியடுக்கு 2,000. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ ஏறக்குறைய ஒரு லட்சம் வார்த்தை, 50 பீரியட் ஆகும். வாரத்துக்கு இரண்டு பீரியட் என்றால் 25 வாரம் போய்விடும். ‘தி கிவர்’ 43,000 வார்த்தைக்குப் பக்கம், 22 பீரியட். 1945-ல் வந்த ஆர்வெலின் ‘அனிமல் ஃபார்ம்’ 30,000, பதினைந்து பீரியடில் முடியும். பேச்சுக்கு மேற்கொண்டு ஐந்தாறு பீரியட் ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் படித்தும் பிரயோஜனமில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு என் தேர்வு ‘தி கிவர்’. வாக்கியங்கள் சின்னவை, 23 அத்தியாயங்களும் குட்டி. ஆனால் இடறும் இடங்களை நீங்கள் முன்னாடியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் ஜோனாஸுக்கு ஒரு கனவு வரும். பருவ வயது மாற்றம்தான் விஷயம். நெளியாமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள். பதினைந்தில் போர்க்களம். பத்தொன்பதாவதுதான் கனமானது: இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை, ஜோனாஸின் அப்பாவே கொஞ்சலாகப் பேசிக்கொண்டு ஊசி போட்டுக் கொல்கிறார். அதை வெள்ளிக்கிழமையோ கடைசிப் பீரியடிலோ எடுக்காதீர்கள். மறுநாள் நீங்கள் வகுப்பில் இருக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தையைப் பறிகொடுத்த பிள்ளை யாராவது இருந்தால், ஒரு வாரம் முன்பே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கதை என்ன ஆயிற்று என்று தெளிவாகச் சொல்லாமலே நாவல் முடியும். பிள்ளைகள் கோபப்படுவார்கள். விடை சொல்லாமல் இரண்டு பீரியட் அவர்களையே பேச விடுங்கள்.

எட்டாம் வகுப்பாக இருந்தால் ஜீன் டுப்ராவ் 2003-ல் எழுதிய ‘தி சிட்டி ஆஃப் எம்பர்’. பூமிக்கடியில் இருக்கும் ஊரில் மின்சாரமும் சாப்பாடும் தீர்ந்துகொண்டிருக்க, மேயர் மட்டும் பதுக்குகிறார். பாட்டியையும் தங்கையையும் பார்த்துக்கொள்ளும் பெண்தான் நாயகி. பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வுக்கு விட்டுவிடுங்கள். ‘அனிமல் ஃபார்ம்’ பதினொன்றுக்குச் சரியாக இருக்கும். மனிதனை விரட்டிவிட்டுப் பண்ணையைக் கைப்பற்றும் விலங்குகள் தங்களுக்கு ஏழு கட்டளைகள் எழுதிக்கொள்ளும்; தலைமைப் பன்றிகள் பிறகு அவற்றைச் சத்தமில்லாமல் மாற்றும். அந்தக் கட்டளைகளைப் பிள்ளைகளே சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். கதையில் ஒரு வரி மாறும்போதெல்லாம் சார்ட்டிலும் திருத்தட்டும். எப்போது மாறியது என்று பாதி வகுப்பு கவனித்திருக்காது, பாடம் அதுதான். எழுத்தாளர் க.நா.சு. ‘அனிமல் ஃபார்ம்’ நாவலைத் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். வீட்டுக்கு அந்தப் பிரதியை அனுப்பலாம். ‘1984’ வகுப்பறைக்கு வேண்டாம். சித்திரவதையும் படுக்கையறையும் உள்ள புத்தகம். பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டு வாங்குகிற பிள்ளை படிக்கட்டும்.

தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். கதை என்ன, எந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது, அது எந்த வாரம், ஏன் இந்தப் புத்தகம், உங்களை எப்போது பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குழந்தை சாவதை மழுப்பாமல் எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நாற்பது குட்மார்னிங்குக்கு நடுவில் அது காணாமல் போகும். தாளில் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடு என்றால் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். எச்.எம். கடிதத்தை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டைக் கதைக்குள்ளும் கொண்டுவாருங்கள். ஜோனாஸின் ஊர்க்காரர்கள் வலி வேண்டாம் என்று பழைய ஞாபகங்கள் அத்தனையையும் ஒரே ஒருவர் தலையில் இறக்கிவிட்டவர்கள். தேவனாம்பட்டினத்திலிருந்தும் தாழங்குடாவிலிருந்தும் உங்கள் வகுப்புக்குப் பிள்ளைகள் வரலாம். அவர்கள் பிறப்பதற்கு முன்னால், 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவர்களின் படம் அந்த வீடுகளில் மாட்டியிருக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியைச் சாய்த்ததை அப்பாக்கள் இன்றைக்கும் பேசுவார்கள். ‘மறக்க முடியும் என்றால் மறந்துவிடுவீர்களா?’ இந்த ஒரே கேள்வியை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பத்து வரி எழுதி வரட்டும். யாரிடம், எதைப் பற்றி என்பது பிள்ளையின் விருப்பம். பதில் சொல்ல மாட்டேன் என்று பாட்டி சொன்னால், அதையே எழுதலாம். வீட்டில் அனுமதி இல்லாமல் எதையும் வகுப்பில் சத்தமாக வாசிக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றிரண்டு பேர் வேண்டாம் என்பார்கள். வாதாடாமல், எந்த இடம் உறுத்துகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பத்தொன்பதாம் அத்தியாயமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் அந்தப் பிள்ளை ஒரு சிநேகிதனோடு நூலகத்தில் இருக்கட்டும். தனியாக அனுப்பினால் தண்டனை மாதிரி ஆகிவிடும். நாவலே வேண்டாம் என்றால் ‘எம்பர்’ பிரதியைக் கொடுத்து, அதிலிருந்தே கேள்வி தயாரித்து, மற்றவர்களுக்குப் போடும் அதே மதிப்பெண்ணுக்குத் திருத்துங்கள்.